செப்பேடும் சுவடியும்

நம் உடைமைகளுள் மிகப் பழையது எது என்று ஒருவரை வினவினால், அவர் சிறிது தயங்கியே விடை கூறுவார். உடுக்கும் உடை ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய பாத்திரத்தைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். வீட்டையே இடித்துக் கட்டுகிறோம். இத்தனை மாற்றங்களுக்கும் தப்பிப் பாட்டன் காலத்துப் பொருள் ஒன்று ஒரு வீட்டில் இருக்குமாயின், அது தானாகவே தங்கிவிட்ட பொருள் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதனை எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே, அவ்வாறு எடுத்து வைத்தவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அரசர்களையும் போர்களையும் பற்றி நீங்கள் வரலாற்று நூல்களில் படிக்கிறீர்கள். அச்செய்திகள் நூலாசிரியர் கைக்கு வந்த வழியைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. கோயிற் சுவரில் வெட்டிய எழுத்து, சுவர் நிற்கும் வரை தானும் நிற்கும். செப்பேடும் ஏட்டுச்சுவடியும் அத்தகையன அல்ல. யாரேனும் ஒருவர் தம் உடைமையாகக் கருதிக் காத்தால் அன்றி அவை நில்லா. ஒரே பாண்டிய மன்னனைப் பற்றி ஒரு செப்பேடும் ஒரு சுவடியும் பேசுகின்றன. அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டால் நான் சொல்ல வந்தது விளங்கும்.

முதலில் செப்பேடு. வேள்விக்குடிச் செப்பேடு என்று அதற்குப் பெயர். பத்துத் தகடுகள்; நூற்றைம்பத்தைந்து வரிகள். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. இன்று அது இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு உரியது. கல்வெட்டறிஞர் கிருஷ்ண சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து, 'எபிகிராபியா இண்டிகா' என்னும் வரிசையில் 1923-24ஆம் ஆண்டுக்குரிய பதினேழாம் தொகுதியில் வெளியிட்டார்.

அது கூறும் செய்தி ஒரு நில வழக்கு. பாண்டியன் நெடுஞ்சடையன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு. அரசன் கூடல் மாநகரில் உலாப் போகின்றான். அப்பொழுது ஒரு முறையீடு எழுகிறது. முறையிட்டவனை அழைத்து, 'உன் குறை என்ன?' என்று அரசன் வினவுகிறான். அவன் கொற்கைகிழான் காமக்கானி நற்சிங்கன் என்பவன். தன் முன்னோனாகிய கொற்கைகிழான் நற்கொற்றன் வேள்வி செய்தபோது, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியன் பாகனூர்க் கூற்றத்து ஊர் ஒன்றை அவனுக்கு வழங்கினான் என்றும், வேள்வியில் கிடைத்தமையால் அவ்வூர் வேள்விக்குடி எனப் பெயர் பெற்றது என்றும், நெடுங்காலம் தன் குடி அதனைத் துய்த்து வந்தது என்றும், பின்னர்க் களப்பிரர் நாட்டைக் கைப்பற்றியபோது அவ்வுரிமை பறிபோயிற்று என்றும் நற்சிங்கன் எடுத்துரைக்கின்றான்.

இங்கே சற்று நின்று கணக்குப் பாருங்கள். களப்பிரரை அகற்றிப் பாண்டிய நாட்டை மீட்டவன் கடுங்கோன். அவனையும் சேர்த்து எண்ணினால் ஏழாவது அரசனாக வருகின்றவன் இந்த நெடுஞ்சடையன். முதுகுடுமியோ கடுங்கோனுக்குப் பல தலைமுறை முற்பட்டவன். சங்கப் புலவர்களின் காலத்தவன். ஆகவே நற்சிங்கன் கேட்டது தன் தந்தை இழந்த நிலத்தை அன்று. பாட்டன் இழந்ததையும் அன்று. பல நூறு ஆண்டுகளுக்கு முன் தன் குடிக்கு வந்து, இடையே கைவிட்டுப் போன உரிமையை அவன் கேட்டான். அந்நிலம் அவர்களிடம் இல்லாத காலத்திலும், 'அது நம்முடையது' என்னும் நினைவு அக்குடியில் அற்றுப் போகவில்லை. ஓர் இழந்த பொருளின் வரலாற்றைத் தந்தை மகனுக்குச் சொல்ல, அவன் தன் மகனுக்குச் சொல்ல, அது அரசன் செவிக்கு எட்டும் வரை உயிரோடு இருந்திருக்கிறது.

அரசன் முறுவலித்தான் என்கிறது செப்பேடு. உடனே கொடுத்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு உன் பழமையை மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். நாடு என்பது அக்காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த பிரிவு; அதன் பெருமக்கள் நாட்டார். நற்சிங்கன் அவ்வாறே மெய்ப்பித்தான். அரசன் ஊரை மீட்டும் அளித்தான். இக்கொடையை நிறைவேற்றிய ஆணத்தியாகிய மாறன்காரியின் பெயரே, மதுரையை அடுத்த ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிற் கல்வெட்டிலும் வருகிறது. அங்கே கலியாண்டு 3871 என்று தெளிவாக வெட்டப்பட்டுள்ளது, அது கி.பி. 770. செப்பேட்டின் காலத்தை அறிஞர்கள் வரையறுக்க அக்கல்வெட்டு பெருந்துணை செய்தது.

களப்பிரர் பெயர் பல்லவர், சளுக்கியர் சாசனங்களிலும் காணப்படுகிறது. ஆயினும், அவர்கள் பாண்டிய நாட்டில் புகுந்து பழைய கொடைகளை மாற்றினார்கள் என்பதை நமக்கு எடுத்துரைப்பது ஒரு குடும்பத்தின் சொத்துப் பத்திரமே. நாட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நற்சிங்கன் கருதியிருக்க மாட்டான். தன் நிலத்துக்குச் சான்று வேண்டும் என்றுதான் கருதினான். செப்பேடு என்னும் பொருளின் அமைப்பே அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. எழுத்துகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாதபடி தகட்டின் விளிம்பைச் சற்று உயர்த்துவார்கள். இடையே ஒரு தகட்டை உருவவோ செருகவோ இயலாதபடி, தகடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடுவார்கள். இத்தகைய ஒன்றைப் பெட்டியிலோ மண்ணிலோ வைத்துவிட்டு ஆயிரம் ஆண்டு மறந்துபோனாலும், செம்பு காத்திருக்கும். உருக்கிப் பாத்திரமாக்கும் கைக்கு அகப்படாமல் இருந்தால் போதும்.

இனிச் சுவடிக்கு வருவோம். முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய பாட்டுகள் ஐந்து புறநானூற்றில் உள்ளன. காரிகிழார் ஒன்றும், நெட்டிமையார் மூன்றும், நெடும்பல்லியத்தனார் ஒன்றும் பாடியுள்ளனர். அவற்றுள் ஒன்றில், நீ பகைவரை வென்ற களங்கள் பலவா, வேள்வி செய்து தூண் நட்ட களங்கள் பலவா என்று புலவர் அவனை வினவுகின்றார். செப்பேடு அவனை வேள்விக்கு ஊர் கொடுத்தவன் என்கிறது. சுவடி அவனை வேள்வித்தூண் பல நட்டவன் என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஒன்று நிலவுடைமைக்காகக் காக்கப்பட்டது. மற்றொன்று பாட்டின் சுவைக்காகவும் புலமைக்காகவும் காக்கப்பட்டது. ஆசிரியரின் கற்பனைப் பாத்திரமோ என்று ஐயுறத்தக்க ஒரு மன்னன், இவ்விரண்டும் சேர்ந்து சாட்சி சொல்லும்போது நம் முன் எழுந்து நிற்கிறான். பெருவழுதி என்று பழந்தமிழ் எழுத்துப் பொறித்த செப்புக் காசுகளும் பிற்காலத்தில் கிடைத்தன. அப்பெருவழுதி இவனே என்று துணிவதற்கில்லை. அப்பெயர் தாங்கியோர் பலர். எனினும் அப்பெயர் புலவர் புனைந்ததன்று என்பதற்கு அக்காசும் ஒரு சான்றாகும்.

செம்புக்கும் ஓலைக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். வேள்விக்குடித் தகடுகள் எட்டாம் நூற்றாண்டில் வெட்டிய அதே தகடுகள். புறநானூற்று ஏடோ புலவர் கைப்பட எழுதிய ஏடு அன்று. பனையோலை நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதனை அதற்கு முன்பே தின்றுவிடும். சங்க காலத்துக்கும் அச்சுக் காலத்துக்கும் இடைப்பட்ட நீளத்தை எண்ணினால், அப்பாட்டுகள் ஏழெட்டு முறையேனும் பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு மாறியிருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒவ்வொரு முறையும் ஒருவர் ஓலை வாங்கி, அதனைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணி பிடித்து நானூறு பாட்டையும் எழுதியிருக்கிறார்.

அந்த உழைப்பு எளிதன்று. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடமாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இராது. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். எழுதியபின் விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவினால்தான் எழுத்துத் துலங்கும். இடமும் வலமும் மரச்சட்டம் வைத்துக் கயிறு சுற்றிக் கட்டினால் சுவடி முடிந்தது. பின்பு அதன் ஆயுள் தொடங்கும். அத்துடன் அடுத்தவர் அதனைப் பார்த்து எழுத வேண்டிய கெடுவும் தொடங்கும். செம்பை ஒரு தலைமுறை மறக்கலாம். பத்துத் தலைமுறையும் மறக்கலாம். ஓலையை உரிய காலத்தில் ஒருமுறை மறந்தால் நூல் போயிற்று.

போன நூல்கள் உண்டு. குண்டலகேசி முழுமையாக இல்லை. வளையாபதியில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாட்டுகளே எஞ்சின. வளையாபதி ஏட்டைத் தாம் இளமையில் மடம் ஒன்றில் கண்டதாக உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார், பிற்காலத்தில் அவர் தேடியபோது அது கிடைக்கவில்லை. 1855இல் பிறந்த அப்பெரியார், 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கி, 1887இல் அதனை அச்சிட்டார். சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவரால் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். இவ்விருவரும் ஊர் ஊராய்ச் சென்றும் ஆள் விட்டும் கடிதம் எழுதியும் தேடிய ஏடுகள் அரண்மனைகளிலும் ஆதீனங்களிலும் மட்டும் இருக்கவில்லை. கவிராயர் வீட்டுப் பெட்டிகளிலும், கணக்கர் வீட்டுப் பரண்களிலும் இருந்தன.

சாமிநாதையர் பாண்டிய நாட்டுக் கோயில் ஒன்றுக்குச் சென்று ஏடுகளைக் கேட்டபோது, பழுதுபட்ட ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக விடை வந்ததாம். ஆடிப் பதினெட்டில் பழஞ்சுவடிகளை ஆற்றுப் பெருக்கில் விடும் வழக்கமும் அவர் காதுக்கு எட்டியது. இவற்றைச் சொல்லும் பலர், அக்காலத்து மக்களை மூடர் என்று எள்ளுவதுண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கத் தெரியாத ஏட்டை அவர்கள் குப்பையில் எறிந்தார்களா? இல்லை. கலைமகள் உருவாகக் கருதி, நெருப்புக்கோ நீருக்கோ முறைப்படி ஒப்படைத்தார்கள். பழைய ஏட்டைப் பார்த்துப் புதியது எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவ்வழக்கத்தால் தீங்கில்லை. எழுதி முடித்தபின் பழையது போனால் என்ன? பார்த்து எழுதும் வழக்கம் நின்ற பின்பும் ஆற்றில் விடும் வழக்கம் நிற்கவில்லை. நூல்கள் அழிந்தது அங்கேதான்.

பழஞ்சுவடி வீடுகளில் இன்னும் எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு நானே கண்ட ஒன்றைச் சொல்லலாம். நான் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், 'உங்கள் வீட்டிலுள்ள பொருள்களுள் மிகப் பழையதைப் பெரியவர்களின் அனுமதியோடு நாளை கொண்டு வாருங்கள்' என்று சொன்னேன். எட்டணாக் காசும், இரும்புப் படியும், பல்லாங்குழிப் பலகையும், பித்தளை வெற்றிலைப் பெட்டியும் வந்தன. ஒரு மாணவி மஞ்சள் துணியில் சுற்றிய சுவடி ஒன்றைக் கொண்டுவந்தாள். விளக்கு வைப்பதற்குள் வீடு சேர வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. ஆதலால் மாலையில் நானே அவளோடு சென்றேன். ஆண்டுதோறும் கலைமகள் பூசையில் சந்தனப் பொட்டு வைத்து வணங்குவார்கள் என்றும், அதில் இருப்பது மந்திரம் என்றும் அம்மூதாட்டி கூறினார்.

பழந்தமிழ் எண்களும் ஏட்டெழுத்தும் எனக்கு ஓரளவு பழக்கம். திண்ணையில் அமர்ந்து மெல்லப் படித்துப் பார்த்தேன். அது மாட்டு வாகடம். கால்நடை நோய்களுக்கு மருந்து கூறும் நூல். இடையில் நான்கைந்து ஏடுகளில், யார் யாருக்கு எத்தனை கலம் நெல் கடன் கொடுத்தது என்னும் கணக்கு.

"மந்திரம் இல்லையா? மாட்டு வைத்தியமா? அப்படியானால் பூசையில் வைக்கலாமா, கூடாதா, ஐயா?" என்று கேட்டார் பாட்டி.

"எத்தனை மாடுகளைப் பிழைக்க வைத்த ஏடோ! தாராளமாக வையுங்கள், அம்மா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இதைக் கடையில் போட்டுவிடச் சொல்லி என் மகன் இரண்டு தடவை சொன்னான். என் மாமியார் கையில் கொடுத்ததை நான் எப்படிப் போடுவது?" என்றார். வரலாற்றுக்கு இதனினும் உறுதியான காவல் எங்கும் இல்லை என்று எனக்குத் தோன்றிற்று. பொருள் தெரியாது; எழுத்துத் தெரியாது; மாமியார் கையில் கொடுத்தது என்பது ஒன்றே தெரியும். அந்த மாணவியும் அவள் தோழியர் இருவரும் விடுமுறையில் என்னோடு அமர்ந்து, அறுபது ஏடுகளையும் நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதினார்கள். செல்லரித்த இடங்களில் புள்ளி வைத்தோம். ஊகித்து நிரப்பவில்லை.

அதே வகுப்பில் ஒரு மாணவன் வெறுங்கையோடு வந்திருந்தான். ஆற்றங்கரைக் குடிசை, இரண்டு முறை வெள்ளத்தில் எல்லாம் போய்விட்டது. மற்றவர்கள் பொருளைக் காட்டி முடித்தபின் அவன் எழுந்து, "எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பெயர்தான் சார் எனக்கு. எங்கள் வீட்டில் அதுதான் பழையது" என்றான். பெயரன் என்னும் சொல்லே பேரன் என மருவியது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட அன்று எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது.

அச்சிறுவன் சொன்னதை வேள்விக்குடிச் செப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செப்பேட்டில் நற்சிங்கன் குரல் கேட்கிறது. அரசன் குரல் கேட்கிறது. களப்பிரர் காலத்தில் அவ்வூரைப் பெற்றவர் யார், வழக்கு முடிந்தபின் அவர் எங்கே போனார், நிலத்தை உழுதவர் யார் என்பவற்றைச் செப்பேடு சொல்லவில்லை. பெட்டி உடையவர் பெட்டியில் வைத்ததையே பெட்டி நமக்குத் திருப்பித் தருகிறது. காத்து வைக்கப்பட்ட பொருளைச் சான்றாகக் கொள்ளும் மாணவர், காத்து வைக்க வசதியற்றிருந்தவர்களையும் நினைத்துக்கொண்டே அச்சான்றைப் படிக்க வேண்டும்.

இனி, உங்கள் வீட்டில் சுவடி இருக்குமானால் செய்யத்தக்கனவும் தகாதனவும் சில. ஒட்டிக்கொண்ட ஏடுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவாதீர்கள். சுவடி நூலகங்களில் இதற்கு எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, தூய பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டை உடன் வைத்தால் பூச்சி அண்டாது. சுவடி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஏட்டில் இல்லாத செய்தி அது. பெரியவர் மறைந்தபின் எவராலும் சொல்ல இயலாதது. படிக்க உதவி வேண்டுவோர் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையும், உ.வே. சாமிநாதையர் நூலகத்தையும், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தையும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் அணுகலாம்.

அரசாங்கம் பறித்துக்கொள்ளும் என்ற அச்சத்தால் சுவடியை ஒளித்து வைப்பாரும் உளர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு கடந்த பொருள்களையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடிகளையும் தொல்பொருள் எனக் கொள்கிறது. அவற்றை வீட்டில் வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. சிலை, ஓவியம், ஓவியம் தீட்டிய சுவடி போன்ற சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டும். எதனையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. மண்ணைத் தோண்டும்போது கிடைப்பது வேறு வகை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதாயின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தாக வேண்டும்.

புறநானூற்றைச் சாமிநாதையர் பதிப்பித்தபோது, 267, 268ஆம் பாட்டுகள் அவருக்குக் கிடைத்த எந்த ஏட்டிலும் இல்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அதற்குப் பின் எத்தனையோ பதிப்புகள் வெளிவந்துவிட்டன. 266ஆம் பாட்டை அடுத்து 269ஆம் பாட்டே இன்றும் அச்சில் வருகிறது.